பழைய ஹைபிரிட் கார்: திருத்துவதா, விற்பதா?

கடையில் ஒரு சரக்கு ஓடாமல் தேங்கி நின்றால் என்ன செய்யவேண்டும் என்று நம் வர்த்தக அன்பர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வாங்கிய விலை என்ன என்று பார்த்துக்கொண்டு இருக்கமாட்டோம். இன்று என்ன விலைக்குப் போகும், இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தால் எவ்வளவு பழுதாகும், அந்த இடத்தில் வேறு சரக்கு வைத்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். பருப்பிலும் மாவிலும் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், வீட்டு வாசலில் நிற்கும் கார் விடயத்தில் மட்டும் இந்தக் கணக்கை எல்லாம் மறந்துவிடுகிறோம். ஒருபுறம், "இதற்கு இவ்வளவு செலவழித்துவிட்டேன், இனி எப்படி விற்பது" என்று பழைய செலவைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். மறுபுறம், எஞ்சினில் ஒரு சத்தம் கேட்டவுடன் லீசிங் கம்பனியின் வாசலில் போய் நிற்கிறோம். இரண்டுமே வியாபாரிக்கு அழகல்ல.

இதை எழுதக் காரணம் உண்டு. நம் அங்கத்தவர்களில் பலரிடம் இருப்பது யப்பானில் ஓடிப் பின் இங்கே வந்த ஹைபிரிட் கார்கள். ரொயோட்டா நிறுவனம் முதலாவது பிரியஸை 1997 டிசம்பரில் யப்பானில் விற்கத் தொடங்கியது. நம் வீதிகளில் அதிகம் காணும் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் 2009இல் வந்தது. சின்ன அக்வா 2011 டிசம்பரில் வந்தது. அவை வந்த காலத்தில் பெற்றோல் சிக்கனம் என்ற ஒன்றுக்காகவே வாங்கினோம். அந்தச் சிக்கனம் நம்மைக் காப்பாற்றியதும் உண்மை. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியபோதும், பின்னர் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றியபோதும், ஹைபிரிட் வைத்திருந்தவர் கடையைத் திறந்தார். மற்றவர் வரிசையில் நின்றார்.

ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது தனியார் பாவனை வாகனங்களுக்குத் திரும்பவும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஏறக்குறைய ஐந்து வருடம். வழமையாக ஐந்தாறு வருடத்தில் கை மாறியிருக்கவேண்டிய கார்களை நாம் பத்து, பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஓட்டிவிட்டோம். அந்தக் காலத்தில் பழைய காருக்கு வாங்கிய விலையைவிடக் கூடுதல் விலை கிடைத்ததால், கார் என்பது நகை போல, காணி போல ஒரு முதலீடு என்ற நினைப்பும் நமக்குள் வந்துவிட்டது. இப்போது அந்தக் கார்களின் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக வேலை காட்டத் தொடங்கியிருக்கின்றன. இறக்குமதி திறந்திருந்தாலும், 2022இல் டொலர் ஏறிய ஏற்றமும் அதற்கு மேல் வரிகளும் சேர்ந்து, புதிதாக வரும் வாகனத்தின் விலை நம் போன்றோருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே, திருத்துவதா, விற்பதா என்ற கேள்வி பலர் வீட்டில் இரவுச் சாப்பாட்டுப் பேச்சாகிவிட்டது.

நமக்கு, குறிப்பாக வடபகுதி வியாபாரிகளுக்கு, பழைய வாகனத்தை ஓட்டுவது புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40உம் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புகை வந்தது, மணம் வந்தது, ஆனால் கார் ஓடியது. எந்தப் பழுதையும் காதால் கேட்டே கண்டுபிடிக்கும் மெக்கானிக்மார் இருந்தார்கள். அந்தப் பெருமை நமக்கு இருக்கவேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமையே இப்போது நம்மை ஏமாற்றுகிறது என்பது என் கருத்து. ஒஸ்ரின் கார் நோயை மறைக்காது. ஹைபிரிட் மறைக்கும். எஞ்சின் சரியில்லாவிட்டாலும் பற்றரியும் மின்மோட்டாரும் சேர்ந்து காரை இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் தானாக நிற்கும், தானாக ஓடும். அதனால் சத்தம் மாறியதும் தெரியாது. இந்தக் கார்களில் சூடு காட்டும் முள்ளும் கிடையாது. சிவப்பு விளக்கு எரியும்போதுதான் சூடேறியது தெரியும். விளக்கு எரிந்த பிறகு, "வீட்டுக்குக் கொஞ்சத் தூரம்தானே" என்று ஓட்டி வந்த அந்தக் கொஞ்சத் தூரத்தில் எஞ்சினின் கதை முடிந்துபோகும்.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் உலகெங்கும் மெக்கானிக்மார் அறிந்த ஒரு பலவீனம் உண்டு. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரச் செய்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஏற்பாடு ஒன்று அதில் இருக்கிறது. இ.ஜி.ஆர். என்பார்கள். வருடக்கணக்கில் அந்தக் குளிரூட்டியிலும், புகை உள்ளே போகும் சின்னச் சின்னத் துவாரங்களிலும் கரி படிந்து அடைத்துக்கொள்கிறது. ஒரு சிலிண்டருக்குப் போவது இன்னொன்றுக்குப் போகாது. சூடு ஒரே சீராக இராது. கடைசியில் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் கஸ்கெட் விட்டுப்போகிறது. இரவு முழுவதும் கார் நிற்கும்போது கூலன்ற் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்குகிறது. காலையில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும், கல்லுப் போட்ட தகரம் போல் கார் முழுவதும் அதிரும். சில விநாடிதான். பிறகு ஒன்றும் நடக்காதது போல் சீராகிவிடும். சிலவேளை பின்னால் வெள்ளைப் புகை. கீழே நிலத்தில் ஒரு சொட்டு ஈரம் இராது; ஆனால் கூலன்ற் போத்தலில் அளவு மட்டும் மாதா மாதம் குறையும்.

இந்த அடையாளங்களை அன்பர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். ஏனென்றால், இந்தக் கட்டத்தில்தான் பிளக் மாற்று, கொயில் மாற்று, எஞ்சின் மவுண்ட் மாற்று என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காசு போகிறது. அதிர்வு போகாது. அதிர்வு இருந்தும் ஓட்டிக்கொண்டே இருந்தால் வேறொரு ஆபத்து இருக்கிறது. தண்ணீரை நெருக்க முடியாது. கூடுதலாகக் கூலன்ற் இறங்கியிருக்கும் ஒரு காலையில் எஞ்சின் சுற்றினால் பிஸ்டன் தண்டு வளையும். உடைந்து எஞ்சினின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்த கதைகளும் உண்டு. அதன்பின் கஸ்கெட் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. அந்த எஞ்சின் பழைய இரும்புதான்.

அக்வாவிலும் இதே வகை ஏற்பாடு உண்டு; ஆகவே அதை வைத்திருப்பவர்களும் கூலன்ற் போத்தலைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது நல்லது. 2010 தொடக்கம் 2014 வரையான பிரியஸ்களில் சிலவற்றில் பிஸ்டன் றிங் காரணமாக எண்ணெய் குடிக்கும் குறையும் இருக்கிறது. அது வேறு நோய். இரண்டையும் குழப்பக்கூடாது. எங்கள் ஊரில் ஹைபிரிட் என்ற பெயரில் ஓடும் சின்ன வகன் ஆர் கார்களின் கதையும் வேறு. அவற்றில் பெரிய பற்றரி கிடையாது. மின்மோட்டார் எஞ்சினுக்குச் சிறு கை கொடுப்பதோடு சரி. நான் இங்கு சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது.

அரைகுறை வைத்தியம் பற்றியும் சொல்லவேண்டும். ரேடியேற்றரில் ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்று ஒரு போத்தல் விற்கிறார்கள். அது கஸ்கெட்டை அடைக்கிறதோ இல்லையோ, குளிரூட்டும் சின்னக் குழாய்களையும் மின்சாரப் பம்பையும் அடைத்துவிடும். தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிவது இன்னொரு வைத்தியம். எல்லாவற்றிலும் மோசமானது, கூலன்ற் குறையக் குறையக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்று நம் வீட்டுக் கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதையே எஞ்சினுக்குள் காய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, திருத்துவதா விற்பதா என்று முடிவு செய்வதற்கு முன்னால், நோய் எது என்று காசு கொடுத்து உறுதி செய்துகொள்ளவேண்டும். கூலன்ற்றில் எஞ்சின் வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தை வைத்துச் சோதிக்கலாம். குளிரூட்டும் தொகுதிக்கு அழுத்தம் கொடுத்து ஓர் இரவு விட்டு, மறுநாள் பிளக் துவாரத்தால் சின்னக் கமரா இறக்கிப் பார்க்கலாம். ஸ்கானர் போட்டால் ஹைபிரிட் பற்றரியின் தொகுதிகள் ஒவ்வொன்றும் எப்படி இருக்கின்றன என்றும் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, தேவையில்லாமல் மாற்றும் ஒரு செட் கொயிலின் விலையைவிடப் பெரிதாக இராது. ஆனால் ஒன்று: இதை ஹைபிரிட் வேலை பழகியவரிடம் செய்விக்கவேண்டும். பிரியஸில் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் 650 வோல்ற் வரை ஏறும். செம்மஞ்சள் நிறக் கம்பியைத் தொடுவதற்கு முன் என்ன செய்யவேண்டும் என்று தெரியாதவரிடம் காரைக் கொடுப்பது, காருக்கு மட்டுமல்ல, அந்தப் பெடியனின் உயிருக்கும் ஆபத்து.

நோய் தெரிந்த பிறகு நான் ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறேன். எஞ்சின், ஹைபிரிட் பற்றரி, உடல், இந்த மூன்றையும் பார்ப்பேன். மூன்றில் ஒன்று மட்டும் பழுதென்றால் திருத்தி ஓட்டலாம். இரண்டு பழுதென்றால் இருக்கும் நிலையில் விற்றுவிட வேண்டியதுதான். உடல் என்று சொல்வது பெயின்ற் அல்ல. கடற்கரைப் பக்கம் ஓடும் கார்களின் அடித்தகட்டை உயர்த்திப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருக்கும், கீழே உப்புக் காற்று தின்றிருக்கும். அப்படிப்பட்ட காருக்குப் புது எஞ்சின் போடுவது, ஓட்டைச் சாக்கில் கீரிச் சம்பா கட்டுவது போல.

திருத்துவதென்றால் முழுதாகத் திருத்தவேண்டும். கடுமையாகச் சூடேறாத எஞ்சின் என்றால், ஹெட்டைக் கழற்றி மட்டம் பார்த்து, புதுக் கஸ்கெட்டும் புது போல்ற்றும் போட்டு, பம்பையும் சோதித்து முடிக்கலாம். கரி படிந்த அந்தக் குளிரூட்டியையும் துவாரங்களையும் சுத்தம் செய்யாமல் கஸ்கெட்டை மட்டும் மாற்றினால், நோய்க்குக் காரணமானதை உள்ளே வைத்துத் தைத்ததாகத்தான் முடியும். எஞ்சின் கெட்டுவிட்டதென்று பஞ்சிகாவத்தையில் யப்பான் எஞ்சின் ஒன்று எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அதுவும் அதே வயதுள்ள எஞ்சின். அதற்குள்ளும் அதே கரி. காரில் ஏற்றுவதற்கு முன் சுத்தம் செய்விக்கவேண்டும். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்றிக்கொள்ளவேண்டும். இதை விட்டவர்கள் விற்கும்போது அலைவார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். தொகைகள் ஒவ்வொருவருக்கும் மாறும், முறையைப் பாருங்கள். திருத்த வேலைக்கு ஐந்து இலட்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் தலை சுற்றும். அந்தக் கார் அதன்பின் மூன்று வருடம் ஓடும் என்றால், மாதத்துக்கு ஏறக்குறைய 14,000 ரூபா. பற்றரிக்கும் மற்றச் சில்லறை வேலைகளுக்கும் மாதம் 10,000 ஒதுக்கினால், ஆக 24,000. மறுபக்கம், காரைப் பழுதோடு 40 இலட்சத்துக்கு விற்று, 70 இலட்சத்துக்கு வேறொன்று எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 30 இலட்சம். ஐந்து வருட லீசிங், ஆண்டுக்கு நூற்றுக்கு 14 வீதம் என்றால், மாதத் தவணை ஏறக்குறைய 70,000. அதில் முதல் வருடம் வட்டியாக மட்டும் போவது நாலு இலட்சத்துக்குக் கிட்ட, அதாவது மாதம் 33,000. அசலை விட்டுவிடுங்கள், வட்டி மட்டுமே பழைய காரின் முழுச் செலவையும் தாண்டிவிடுகிறது.

புதிய காருக்கு ஐந்து வருடத்தின் பின்னும் விலை இருக்கும், பழையதுக்கு இராது என்று சிலர் சொல்வார்கள். சரிதான். ஆனால் இறக்குமதி மூடியிருந்த காலத்தைப் போல் கார் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பி முதலைப் போடுவது வியாபாரம் அல்ல, சூது.

சேமிப்பையும் பார்க்கவேண்டும். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் நல்ல ஹைபிரிட், லீற்றருக்கு 20 கிலோமீற்றர் கொடுத்தால் 50 லீற்றர் போதும். சாதாரணக் கார் 12 கொடுத்தால் 83 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று எடுத்தால் வித்தியாசம் மாதம் 10,000 ரூபா அளவில். இதற்காகத்தான் ஹைபிரிட். ஆனால் எஞ்சின் நோயோடு ஓடும் அதே கார் 14க்கு இறங்கிவிட்டால், 71 லீற்றர் குடிக்கும். சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. "ஓடுகிறதுதானே, ஓடும்வரை ஓடட்டும்" என்று விடுபவர்கள் இந்தப் பணத்தைக் கணக்கில் எழுதுவதே இல்லை. திருத்துவதும் இல்லை, விற்பதும் இல்லை என்ற இந்த மூன்றாவது வழிதான் எல்லாவற்றிலும் விலை கூடியது.

நம் தொழிலுக்கே உரிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. சம்பளக்காரர் லீசிங் கட்டினால் சம்பளத்திலிருந்து கட்டுவார். நாம் கட்டுவது கல்லாப்பெட்டியிலிருந்து. அந்த 70,000 ரூபா மாதா மாதம் வெளியே போகும்போது, முதலில் குறைவது சீனி மூடை. பிறகு பருப்பு மூடை. பத்து இலட்சம் ரூபா சரக்கில் மாதம் இரண்டு தடவை சுழன்று, ஒவ்வொரு சுழற்சியிலும் நூற்றுக்கு நாலு கிடைத்தால் மாதம் 80,000 ரூபா கைக்கு வரும். அதே பத்து இலட்சம் காரில் முற்பணமாகப் போய் முடங்கினால் ஒன்றும் வராது. விழாக்காலத்துக்கு முன் நாலாம் குறுக்குத் தெருவில் ரொக்கம் கொடுத்து இறக்குபவருக்கு ஒரு விலை, கடனுக்கு எடுப்பவருக்கு வேறு விலை என்பது எல்லோருக்கும் தெரியும். வாசலில் புதுக் கார் நிற்க, கடைத் தட்டில் இடைவெளி விழுந்த கடைகளை நாம் பார்க்காமல் இல்லை. (பக்கத்துக் கடைக்காரர் எடுத்துவிட்டார் என்பதற்காக எடுப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.)

திருத்தி ஓட்டுவதென்று முடிவு செய்தவர்கள் பலசரக்குக்காரர் என்ற முறையில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தக் கார்களில் பற்றரியைக் குளிரவைக்கும் காற்று, பின் ஆசனத்தின் ஓரத்திலோ அடியிலோ உள்ள ஒரு துவாரத்தால்தான் போகிறது. அந்த இடத்தில் மா மூடையைச் சாத்தி வைத்தால் காற்று அடைபடும். மாவும் மிளகாய்த்தூளும் தூசியும் உள்ளே இழுபட்டு, விசிறியில் அடை போல ஒட்டிக்கொள்ளும். பற்றரி சூடேறிச் சூடேறி அதன் ஆயுள் குறைந்துவிடும். சரக்கு ஏற்ற லான்ட்மாஸ்டரும் லொறியும் இருக்கின்றன. அவசரத்துக்கு ஒரு மூடை ஏற்றினாலும் பின் ஆசனத்தில் வேண்டாம். அந்தத் துவாரத்தின் வலையை மாதம் ஒருமுறை துடைப்பது கடைப்பிள்ளைக்கு ஐந்து நிமிட வேலை.

விற்பதென்று முடிவு செய்தவர்களுக்கும் ஒரு சொல். காலை அதிர்வு தெரியாமல் இருக்க, வாங்குபவர் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்கும் வித்தை தரகர்களிடம் இருக்கிறது. வாங்குபவர் பெரும்பாலும் நம் ஊரவர். நாளைக்கு நம் கடைக்கு வருபவர் அல்லது வராமல் விடுபவர். பழுதைச் சொல்லி, பரிசோதனைத் தாளைக் காட்டி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் கிடைப்பது கொஞ்சம் குறையலாம். வாங்குபவர் பக்கத்தில் நிற்பவர்களோ, காரைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் பார்க்கவேண்டும். பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

தனித்தனியாக ஒவ்வொருவரும் கொழும்புக்கு ஓடிச் சோதிப்பதைவிட, சங்கமே ஒரு வழி செய்யலாம் என்பது என் யோசனை. ஹைபிரிட் வேலை முறையாகப் பழகிய ஒருவரை ஸ்கானரோடும் அழுத்தச் சோதனைக் கருவியோடும் இரண்டு நாட்களுக்கு அழைத்து, அங்கத்தவர்களின் கார்களை ஒரே இடத்தில் வரிசையாகச் சோதிப்பித்தால், ஆளுக்கு விழும் செலவு மிகக் குறைவாக இருக்கும். வருட வரிப்பத்திரம் எடுக்கும் காலத்துக்குச் சற்று முன்னர் வைத்தால் புகைப் பரிசோதனைக்கும் உதவும். கார் வைத்திருக்கும் அங்கத்தவர்கள் வாகனத்தின் வருடத்தையும் இதுவரை ஓடிய கிலோமீற்றரையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தால், எத்தனை கார்கள் என்று தெரிந்துகொண்டு அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பேசலாம்.